கோயில் காலையில், எல்லை மாலையில்

வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தில் பழைய கோட்டை மதிலைச் சுற்றி நடந்தால், பத்துக் கடைக்கு ஒன்று பயண முகவர் கடையாக இருக்கும். வாசலில் மாட்டியிருக்கும் பலகைகளில் படங்கள் மாறினாலும் அட்டவணை அநேகமாக ஒன்றுதான். காலை ஏழு மணிக்கு விடுதி வாசலில் வேன். வழியில் ஒரு வெந்நீர் ஊற்று. சியாங் ராயில் வெள்ளைக் கோயில், நீலக் கோயில், கறுப்பு வீடு. மதியம் பஃபே சாப்பாடு. பிறகு மேகாங் ஆற்றங்கரையில், தாய்லாந்தும் லாவோஸும் மியான்மரும் சந்திக்கும் தங்க முக்கோணம். கூடுதல் பணம் கட்டினால் படகுச் சவாரி. கழுத்தில் பித்தளை வளையம் அணிந்த பெண்களின் கிராமம். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மறுபடி விடுதி. போக வர ஏறக்குறைய 500 கிலோமீட்டர். 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்தது. 2024இல் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே போனார்கள். பட்டாயா, புக்கெட் என்று போய் அலுத்தவர்கள் இப்போது வடக்கே திரும்புகிறார்கள். அவர்களுக்கு முதலில் கிடைப்பது இந்த வேன்தான்.

இந்தப் பயணத்தின் மேல் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றே: ஓட்டம். எதையும் நின்று பார்க்க விடுவதில்லை, இறங்கு ஏறு என்று விரட்டுகிறார்கள் என்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, அது யார் கண்ணிலும் படுவதில்லை. இந்த அட்டவணை கோயிலைக் காலைக்கும் எல்லையை மாலைக்கும் பிரித்து வைத்திருக்கிறது. காலையில் கலை, பக்தி, புகைப்படம். மாலையில் அபின் கதை, சூதாட்ட விடுதி, ஒரே பார்வையில் மூன்று நாட்டைப் பார்த்துவிட்ட பெருமை. இரண்டுக்கும் நடுவே ஒரு சாப்பாடு. அந்த நிலத்தின் வரலாற்றில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. அங்கே இருந்த அரசுகள் தம் எல்லையைக் கோடு போட்டுக் காட்டவில்லை. எத்தனை குடிகளை வைத்திருக்கிறோம், எந்தப் புத்தர் சிலை நம் ஊரில் இருக்கிறது என்பதைக் கொண்டுதான் காட்டின. கோடு பிற்பாடு வந்தது, அதுவும் பீரங்கிக் கப்பலில். கோயிலையும் எல்லையையும் ஒரே நாளில் பார்க்க முடிகிற ஒரு பயணம் இந்தக் கதையைச் சொல்வதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. கையில் கிடைத்ததை அது வீணடிக்கிறது என்பதுதான் என் புகார்.

வெந்நீர் ஊற்றை விரைவாகக் கடந்துவிடலாம். மே கச்சான் என்ற இடத்தில், சிறு மூங்கில் கூடைகளில் காடை முட்டையை வாங்கி, கழியில் மாட்டிக் கொதிநீர்த் தொட்டிக்குள் இறக்கி வேகவைத்துத் தின்கிறார்கள். கழிப்பறை வசதி நன்றாக இருக்கும். அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை.

வெள்ளைக் கோயில் எனப்படும் வாட் ரோங் குன் அப்படியல்ல. சியாங் ராய் நகரத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள ஒரு கிராமத்தின் சிதிலமான கோயிலை, அந்த ஊரில் பிறந்த ஓவியர் சலேர்ம்சாய் கோசித்பிபட் 1997இல் கையிலெடுத்தார். சொந்தப் பணத்தைப் போட்டார். கொடுத்தவர்கள் அதிகாரம் செய்யக்கூடாது என்று ஒருவரிடமிருந்து 10,000 பாட்டுக்கு மேல் நன்கொடை வாங்குவதில்லை என விதி வைத்தார். வெண்சுதை மேல் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருப்பதால் உச்சி வெயிலில் கண் கூசும். சந்நிதிக்குப் போகும் பாலத்தின் இருபுறமும் பள்ளம். அதற்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான கைகள் மேலே நீள்கின்றன. சிலவற்றில் பிச்சைப் பாத்திரம், ஒன்றில் மண்டை ஓடு. அத்தனை வெள்ளைக் கைகளுக்கு நடுவே ஒரே ஒரு விரலின் நகத்துக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். வழிகாட்டிகள் அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லி விளையாட்டுக் காட்டுவார்கள். பாலத்தில் ஏறிவிட்டால் திரும்பி வரக்கூடாது. பிறவிச் சுழலைத் தாண்டுகிற பாதை அது. படமெடுக்கத் திரும்புகிறவர்களைக் காவலர் ஒலிபெருக்கியில் அதட்டி முன்னே அனுப்புவார். உள்ளே படமெடுக்கத் தடை. வாயில் பக்கத்துச் சுவரில் எரியும் இரட்டைக் கோபுரங்கள், ஹாலிவுட் நாயகர்கள், பொம்மைப் படப் பாத்திரங்கள். எதிர்ச் சுவரில் புத்தர்.

இது சமகாலக் கலை, இதன்மேல் எல்லை வரலாற்றை ஏற்றுவது வம்பு என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான மறுப்புத்தான். அந்தக் கட்டடத்தில் 1997க்கு முற்பட்ட கல் ஒன்றுகூட நம் பார்வைக்கு வராது. ஆனால் சலேர்ம்சாயின் ஓவியப் பாதையைப் பார்த்தால் கதை வேறு. 1980களில் லண்டன் விம்பிள்டனில் உள்ள புத்தபதீப கோயிலில் சுவரோவியம் தீட்டிய தாய்லாந்து ஓவியர்களில் அவர் முக்கியமானவர். அங்கேயே புத்தர் கதைக்குள் இக்கால உலகத் தலைவர்களின் முகங்கள் நுழைந்துவிட்டன. பாங்காக் மரபுவாதிகள் முகம் சுளித்தார்கள். ஊர் திரும்பியவர், தலைநகரத்தில் அல்லாமல், நாட்டின் வடகோடியில் தன் கிராமத்தில், வடக்கை ஒருகாலத்தில் ஆண்ட லான்னா அரசின் மரபை நினைவூட்டும் அடுக்குக் கூரையோடு கோயில் கட்டினார். தலைநகரத்துக்கு எதிர்முனையில் ஒரு புண்ணியத் தலத்தை உண்டாக்கி, மக்களை அங்கே வரவைப்பது அந்தப் பகுதியின் மன்னர்கள் செய்துவந்த வேலை. 2014 மே மாதம் ரிக்டர் அளவில் 6க்கு மேற்பட்ட நிலநடுக்கம் சியாங் ராயை உலுக்கியபோது சிற்பங்கள் உதிர்ந்தன. இனிக் கட்டமாட்டேன் என்றவர் சில நாளில் மனம் மாறினார். அவருடைய திட்டம் 2070 வரை நீள்கிறது. வாழ்நாளைத் தாண்டிய திட்டம், சொந்தச் செல்வம், ஒரு ஊரைத் தலமாக்கும் ஆசை: அரசன் இல்லாத காலத்து அரச காரியம் என்றே இதை எனக்குப் படிக்கத் தோன்றுகிறது. நீலக் கோயிலைக் கட்டியவர் அவருடைய சீடர். அது 2016இல் முடிந்தது. நீலமும் பொன்னும் குழைத்த அந்தச் சுவர்கள் அழகுதான், ஆனாலும் குருவின் விகடம் சீடரிடம் இல்லை. கறுப்பு வீடு தவான் துச்சானியுடையது. சுமார் நாற்பது மரக் கட்டடங்கள், எருமைக் கொம்புகள், முதலைத் தோல், எலும்புகள். கோயில் பட்டியலில் அதைச் சேர்த்திருப்பது நிறப் பொருத்தத்துக்காக.

வேன் நிற்காத ஒரு கோயில் அதே சியாங் ராய் நகரத்துக்குள் இருக்கிறது. வாட் பிரா கேவ். இன்று பாங்காக் அரண்மனை வளாகத்தில், தாய்லாந்து அரசின் காவல் தெய்வம்போல வீற்றிருக்கும் மரகத புத்தர் முதலில் வெளிப்பட்டது இங்கேதான். 1434இல் இடி விழுந்து ஸ்தூபி பிளந்தது. உள்ளே சுதை பூசிய ஒரு சிலை. மூக்கில் சுதை பெயர்ந்து பச்சை தெரிந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. லான்னா அரசன் சியாங் மாய்க்குக் கொண்டுவர யானை அனுப்பினான். யானை பிடிவாதமாக லம்பாங்குக்குப் போனது. சிலை முப்பது ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது. 1468இல் சியாங் மாய். அடுத்த நூற்றாண்டில் லாவோஸ் மன்னர் செத்தாதிராத் அதை லாவோஸுக்குக் கொண்டுபோனார். முதலில் லுவாங் பிரபாங், பிறகு வியந்தியான். 1779இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) படை வியந்தியானைக் கைப்பற்றியபோது சிலை மறுபடி மேகாங்கைத் தாண்டியது. படையை நடத்திய தளபதி பிற்பாடு முதலாம் ராமாவாக முடிசூடி, 1784இல் அதைப் பாங்காக்கில் பிரதிஷ்டை செய்தார். மூன்றரை நூற்றாண்டுப் போர்களின் வரைபடத்தை இந்த ஒரு சிலையின் பயண வழியை வைத்தே வரைந்துவிடலாம். சிலை இருக்கும் ஊர்தான் தலைமை ஊர். அதை இழந்த ஊர் சிற்றூர். சியாங் ராயில் இன்று இருப்பது 1990களின் தொடக்கத்தில் செய்த பிரதி. கனடாவில் வெட்டிய பச்சைக்கல், பெய்ஜிங்கில் செதுக்கியது. மூலத்துக்குச் சமமாகிவிடக் கூடாதென்று அளவில் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். பாங்காக்குக்கும் வடக்குக்கும் உள்ள உறவை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் பொருள் அந்த நகரத்தில் வேறில்லை. நீலக் கோயிலிலிருந்து பத்து நிமிட ஓட்டம். அட்டவணையில் இடமில்லை.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. சியாங் ராயிலிருந்து தங்க முக்கோணத்துக்குப் போகும் வழக்கமான சாலை சியாங் சேன் என்ற ஊரின் மேற்கு மதில் வாயில் வழியாக உள்ளே நுழைந்து ஆற்றங்கரைக்குப் போகிறது. மதிலுக்கு வெளியே தேக்கு மரங்களுக்கு நடுவில் வாட் பா சாக். உள்ளே நுழைந்ததும் தேசிய அருங்காட்சியகமும் செங்கல் உதிர்ந்த வாட் சேடி லுவாங்கின் ஸ்தூபியும். பெரும்பாலான வேன்கள் இவற்றைச் சன்னல் வழியே காட்டிவிட்டுப் போய்விடுகின்றன. இந்த ஊரை 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், சியாங் ராயை நிறுவிய மங்ராயின் பேரன் சேன் பூ எழுப்பினான். 1558இல் லான்னா பர்மியர் கைக்குப் போனது. சியாங் மாய் 1775இலேயே சயாமின் பக்கம் வந்துவிட்டது. சியாங் சேன் மட்டும் பர்மியரின் கடைசிப் பிடியாக 1804 வரை நீடித்தது. அந்த ஆண்டு சயாமுக்கு அடங்கிய சியாங் மாய் மன்னன் கவிலாவின் படையும் கூட்டாளிகளும் ஊரைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் அதில் குடியேறவில்லை. மதிலையும் வீடுகளையும் அழித்து, மக்களை மொத்தமாகப் பெயர்த்து, வெற்றி பெற்றவர்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு பங்கு சியாங் மாய்க்கு, ஒன்று லம்பாங்குக்கு, ஒன்று நானுக்கு, ஒன்று வியந்தியானுக்கு, ஒன்று தெற்கே பாங்காக் பக்கம். கீரையைக் கூடையில் சேர், ஆளை ஊரில் சேர் என்பது அக்கால வடக்கின் ஆட்சி வாக்கு. பாங்காக்கை அடுத்த ராட்சபுரியில் இன்றும் தாய் யுவான் இன நெசவாளர்கள் சியாங் சேன் பாணியில் சேலைக்கரை போன்ற பட்டைத் துணி நெய்கிறார்கள். அவர்கள் அந்தப் பங்கில் போனவர்களின் வழித்தோன்றல்கள். காலியான சியாங் சேன் முக்கால் நூற்றாண்டு காடாகக் கிடந்து, 1880களில்தான் மறுபடி ஆள் பார்த்தது. எல்லையில் ஒரு ஊரைக் கோட்டை கட்டிக் காப்பதைவிட ஆளில்லாமல் ஆக்குவது மேல் என்று ஒரு அரசு நினைத்தது என்றால், அந்த அரசுக்கு எல்லை என்பது என்னவாக இருந்திருக்கும்? அதை யோசிக்க வைக்க உடைந்த மதிலைத் தவிர வேறு பாடப்புத்தகம் வேண்டாம்.

கோடு 1893இல் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் சாவ் பிரயா முகத்துவாரத்தில் சுட்டுக்கொண்டே நுழைந்து பாங்காக் வரை வந்தன. அக்டோபரில் சயாம் மேகாங்கின் இடக்கரை முழுவதையும் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. வலக்கரையில் 25 கிலோமீட்டர் அகலத்துக்குப் படை வைப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. 1896இல் பிரிட்டனும் பிரான்சும் பேசி, மேல்மேகாங்கில் பர்மாவுக்கும் லாவோஸுக்கும் நடுவே அதே ஆற்றை எல்லையாக்கின. 1926 உடன்படிக்கை இன்னொரு நுணுக்கத்தைச் சேர்த்தது: தீவுகளால் ஆறு பல கிளையாகப் பிரியும் இடத்தில், தாய்லாந்துக் கரைக்கு அருகே ஓடும் கிளைதான் எல்லை. அதனால் இடையிலுள்ள தீவுகளும் மணல் திட்டுகளும் பெரும்பாலும் லாவோஸைச் சேர்ந்தன. படகுச் சவாரியில் அழைத்துப் போகும் டோன் சாவ் தீவு லாவோஸாக இருப்பதன் பின்னணி இந்த உடன்படிக்கைக் கணக்கு. அங்கே இறங்கிப் பாம்பு ஊறவைத்த சாராயப் புட்டியைப் பார்த்து முகம் சுளிக்கும் பயணிக்கு, தான் நிற்கும் மண்ணை யார் எப்போது எந்தக் கணக்கில் பிரித்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் சிலைகளும் கைதிகளும் வணிகரும் குறுக்காகக் கடந்த ஓர் ஆறு, இரண்டு ஐரோப்பியத் தலைநகரங்களின் வசதிக்காக நெடுக்காக எல்லையானது. அந்த எல்லைக்கும் வெள்ளைக் கோயிலின் தொடக்கத்துக்கும் இடையே நூறு ஆண்டுச் சொச்சம்தான். இரண்டையுமே நவீனக் கட்டுமானங்களாகப் பார்க்கலாம்.

சோப் ருவாக்கில், ருவாக் சிற்றாறு மேகாங்கில் கலக்கும் முனையில், பெரிய பலகை முன் வரிசை கட்டிப் படமெடுக்கிறார்கள். பக்கத்திலேயே படகு வடிவப் பீடத்தில் பொன்னிறப் பெரும் புத்தர். நான்கு நாட்டுக்கு உரியவர் என்று அவருக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நான்காவது, ஆற்றின் மேல்புறம் இருக்கும் சீனா. எல்லைமுனையில் ஒரு புத்தரை வைத்து அவருக்கு நாட்டுக் கணக்கையும் சேர்க்கும் பழக்கம் 21ஆம் நூற்றாண்டிலும் மாறவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வழிகாட்டி சொல்லும் கதை அபினைப் பற்றியது: மலைவாழ் மக்கள் கசகசாச் செடி வளர்த்தார்கள், கடத்தல்காரர்கள் தங்கம் கொடுத்து வாங்கினார்கள், அரச குடும்பம் தலையிட்டுக் காப்பி பயிரிட வைத்தது. பாதி சரி. 1988இல் தொடங்கிய டோய் துங் திட்டம் உண்மையிலேயே ஒரு மலையை மாற்றிக் காட்டியது. ஆனால் 1959 வரை தாய்லாந்தில் அபின் சட்டபூர்வமான அரசு வருமானம். பிரெஞ்சு இந்தோசீன அரசும் அபின் ஏகபோகம் நடத்தியது. பிரிட்டிஷார் ஆசியச் சந்தையை நிரப்பிய சரக்கு நம் பீகாரிலும் மாளவத்திலும் விளைந்தது. 1967இல், சோப் ருவாக்குக்கு எதிர்க்கரையில் பான் குவான் என்ற ஊரில், அபின் வணிகர் குன் சாவின் கோவேறு கழுதைக் கூட்டத்துக்கும் சீனத் தேசியவாதப் படையின் எச்சங்களுக்கும் நடந்த சண்டையில் லாவோஸ் ராணுவத் தளபதி விமானத்தை அனுப்பி இரு தரப்பின் மேலும் குண்டு போட்டார்; சரக்கு அவர் வசமானது. மலைவாழ் விவசாயி இந்தக் கதையில் மிகச் சிறிய பாத்திரம். பழியில் மட்டும் அவருக்குப் பெரிய பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

படகு கிளம்பினால் எதிர்க்கரையில் பொன் கிரீடம் கவிழ்த்த கட்டடமும் உயர்மாடிகளும் வரிசையாக வரும். 2007இல் லாவோஸ் அரசு ஒரு சீனத் தொழிலதிபருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த சிறப்புப் பொருளாதார மண்டலம். உள்ளே புழங்குவது சீனப் பணம்; கடிகாரமும் பெய்ஜிங் நேரத்தில் ஓடும். 2018 ஜனவரியில் அமெரிக்கக் கருவூலத் துறை அதன் உரிமையாளர் மேலும் கிங்ஸ் ரோமன்ஸ் சூதாட்ட விடுதி மேலும் ஆள்கடத்தல், போதைப்பொருள் குற்றச்சாட்டுகளோடு தடை விதித்தது. தமிழ் வாசகருக்கு இந்த இடம் அந்நியமல்ல. கணினி வேலை என்று ஏமாற்றி இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து சென்னை திரும்பினார்கள். 2024 ஆகஸ்டில், இதே தங்க முக்கோண மண்டலத்தின் மோசடிக் கூடங்களிலிருந்து 47 இந்தியர்களை மீட்டதாக வியந்தியானில் உள்ள இந்தியத் தூதரகம் அறிவித்தது. கரையில் நின்று படமெடுக்கும் நம்மவருக்கும் உள்ளே சிக்கிய நம்மவருக்கும் நடுவே இருப்பது ஆற்றின் அகலம் மட்டுமே. 1804இல் ஆளைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தன் ஊரில் உழைக்க வைத்த வழக்கத்தை, அரசு அல்லாத கைகள் இப்போது விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்துச் செய்கின்றன. மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். அன்று பெயர்க்கப்பட்டவர்கள் குடும்பத்தோடு புது ஊரில் நிலம் பெற்றார்கள். அந்த வேறுபாடு உண்மை, அது இன்றைய நிலைமைக்குச் சாதகமானதல்ல.

விடுமுறைக்கு வருகிறவரிடம் இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும், அவர் பணம் கட்டியது ரசிப்பதற்கல்லவா என்பது அடுத்த மறுப்பு. முகவர்கள் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் சியாங் மாயிலிருந்து சியாங் ராய்க்கு மூன்று மணி நேரம் ஒலிவாங்கி வழிகாட்டியின் கையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு மரத்தின் மருத்துவக் குணத்திலிருந்து வானிலை வரை, பயணிகளின் சொந்த ஊர் விசாரிப்பு வரை எல்லாம் பேசப்படுகிறது. பேச்சு இல்லாத பயணத்தில் பேச்சைத் திணிக்கச் சொல்லவில்லை. இருக்கிற பேச்சை மாற்றச் சொல்கிறேன். யானை தன் விருப்பத்துக்கு லம்பாங் போன கதையை விடச் சுவையான கதை வேனில் சொல்ல என்ன இருக்கிறது? வழிகாட்டியின் சங்கடமும் எனக்குப் புரிகிறது. உரிமம் பெற்றுப் பிழைக்கிற ஒருவர், எதிர்க்கரை சூதாட்ட விடுதியைப் பற்றியோ தன் அரசின் கொள்கையைப் பற்றியோ முன்பின் தெரியாதவர்களிடம் விமரிசனம் பேசத் தயங்குவார். கவிலா சியாங் மாய்க்காரர்களுக்கு மீட்பர். அவர் அழித்த ஊரைக் காட்டுவதும் எளிதல்ல. ஆகவே எல்லாவற்றையும் வழிகாட்டி தலையில் கட்டுவது நியாயமில்லை. சொல்ல முடியாததை, வண்டியை நிறுத்திக் காட்ட முடியும். அட்டவணை போடுகிறவர் அதைச் செய்யலாம்.

உரிமம் என்ற இடத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டி வேலை தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட தொழில்களில் ஒன்று. எல்லையோர மாவட்டங்களிலோ எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கள் ஏராளம். அகா, லாகு, ஷான் குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்களும் இதில் அடக்கம். பலருக்கு மாகாணத்தைத் தாண்டவே அனுமதிச் சீட்டு வேண்டும். 2018இல் மே சாய் அருகே தாம் லுவாங் குகையில் சிக்கி, உலகமே பார்த்திருக்க மீட்கப்பட்ட காட்டுப்பன்றிகள் கால்பந்து அணியில் மூன்று சிறுவர்களும் பயிற்சியாளரும் நாடற்றவர்கள். மீட்புக்குப் பிறகுதான், அவ்வாண்டு ஆகஸ்டில், குடியுரிமை கிடைத்தது. 2024 அக்டோபரில் தாய்லாந்து அமைச்சரவை ஏறக்குறைய 4,83,000 பேருக்கு நிரந்தர வசிப்புரிமை, குடியுரிமை வழங்கும் நடைமுறையை விரைவாக்க ஒப்புதல் தந்தது. நல்ல முடிவு, தாமதமான முடிவு. அதுவரை, எல்லையை உடம்பாலேயே அறிந்தவர்கள் எல்லையைப் பற்றிப் பேசிச் சம்பாதிக்கச் சட்டம் இடம் தரவில்லை. அவர்கள் பார்க்கப்படும் பக்கத்தில்தான் நிற்கலாம்.

அட்டவணையின் கடைசி நிறுத்தம் அப்படிப்பட்டதுதான். கயான் மக்கள் மியான்மரின் கயா மாநிலத்திலிருந்து 1980களிலும் 90களிலும் போருக்குத் தப்பி வந்தவர்கள். வளையம் என்று தோன்றுவது ஒரே பித்தளைக் கம்பியைச் சுற்றிச் சுற்றி ஏற்றியது. அது கழுத்தை நீட்டுவதில்லை, காறையெலும்பைக் கீழே அழுத்துகிறது. சியாங் ராய்ப் பக்கம் உள்ள கிராமங்கள் அவர்களாக வந்து தங்கிய ஊர்கள் அல்ல, சுற்றுலாவுக்காக அமைத்தவை. நுழைவுக் கட்டணம் உண்டு. 2008இல், நியூசிலாந்தும் பின்லாந்தும் ஏற்றுக்கொள்ள முன்வந்த சில கயான் அகதிகளுக்குத் தாய்லாந்து அதிகாரிகள் வெளியேறும் அனுமதி தர மறுத்தபோது, ஐ.நா. அகதிகள் முகமையே வெளிப்படையாகக் கண்டித்தது. போகாதீர்கள் என்று சொல்பவர்கள் இதைக் காட்டுவார்கள். போனால்தான் அந்தப் பெண்களுக்குத் துணி விற்றுக் காசு கிடைக்கும் என்பவர்களும் பொய் சொல்லவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பயணிகள் வராதபோது இந்தக் கிராமங்கள் பட்ட பாடு உண்மை. நான் போகாத கட்சி. காரணம் அறச்சீற்றம் மட்டுமல்ல. அந்தக் கிராமத்தில் எல்லையின் கதையே அறுந்துவிடுகிறது. ஏன் வந்தார்கள், ஏன் போக முடியவில்லை என்ற இரண்டு கேள்வியும் அங்கே கேட்கப்படுவதில்லை. கழுத்து எத்தனை சுற்று என்பது மட்டும் கேட்கப்படுகிறது.

ஆறும் இப்போது தன் பங்குக்கு இந்தப் பிரிவினையைக் கலைத்துக்கொண்டிருக்கிறது. சியாங் ராய் நகரத்தின் வழியே ஓடும் கோக் ஆறு மியான்மரின் ஷான் மாநிலத்தில் பிறந்து, சியாங் சேன் அருகே மேகாங்கில் சேர்கிறது. நீலக் கோயில் அதன் வடகரைப் பக்கம். 2024 செப்டம்பரில் யாகி புயலின் மழையில் கோக்கும், எல்லை ஊரான மே சாயை ஒட்டி ஓடும் சாய் ஆறும் கரை உடைத்தன; மே சாய் கடைத்தெருவைச் சாய் ஆறு ஆளுயரச் சேற்றில் புதைத்தது. 2025இல் அதே ஆறுகளின் நீரில் அளவுக்கு மேல் ஆர்சனிக் இருப்பதைத் தாய்லாந்தின் மாசுக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்து, ஆற்று நீரைப் பயன்படுத்த வேண்டாமென எச்சரிக்கை விட்டது. மேலே, எல்லைக்கு அப்பால், ஆயுதக் குழுக்களின் வசமுள்ள மலைகளில் தோண்டப்படும் தங்கச் சுரங்கங்களையும் அரிய மண் தனிமச் சுரங்கங்களையும் தாய்லாந்து ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். காலையில் கோயில் வாசலில் பார்த்த தண்ணீர்தான் மாலையில் எல்லையில் பார்க்கும் தண்ணீர். எந்தத் தலைநகரத்தின் உடன்படிக்கைக்கும் அது கட்டுப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒரே நாளில் இவ்வளவும் எப்படி என்பது மிச்சமிருக்கும் கேள்வி. ஊரில் நாலு நாள் தங்கி நிதானமாகப் பார்ப்பதுதான் பயணம் என்பார்கள். தங்க முடிகிறவர்கள் தங்கட்டும். வார இறுதியோடு ஒரு விடுப்பை ஒட்டவைத்துக் குடும்பத்தோடு வருகிறவருக்கு அந்த யோசனை உதவாது. நாலு நாள் தங்கியவர்களும் கோயிலை ஒரு நாளும் எல்லையை மறுநாளும் பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்க்காமலே திரும்புவது உண்டு. ஒரே நாள் என்பதில் ஒரு நன்மை இருக்கிறது. காலையில் பார்த்த கைகள் மறப்பதற்குள் மாலையில் ஆறு வந்துவிடும். நேரத்தைக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல. வெந்நீர் ஊற்று, கறுப்பு வீடு, கயான் கிராமம் மூன்றையும் எடுத்தால் போக்குவரத்தோடு சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும். அதில் வாட் பிரா கேவுக்கு அரை மணி, சியாங் சேன் மதிலுக்கும் அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி. திங்கள், செவ்வாயில் அரசு அருங்காட்சியகங்கள் பொதுவாக மூடியிருக்கும் என்பதால் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. கூட்டு வேனில் இந்த மாற்றத்தைச் செய்யமாட்டார்கள். நாலைந்து பேர் சேர்ந்து தனி வேன் எடுத்தால் ஓட்டுநருக்கு இதில் சிரமம் ஒன்றுமில்லை, சியாங் சேன் அவர் போகிற வழியில்தான் இருக்கிறது.